நாடு அறிவித்த நாட்கள், வீடு காத்த விழாக்கள்: போர்ச்சுகல் திருநாட்களின் வரலாறு

ஜூன் 10 போர்ச்சுகல் மக்களின் தேசியத் திருநாள். பெருங்காப்பியக் கவிஞர் லூயிஸ் டி கமோயிஸ் 1580-இல் மறைந்த நாள் அது. ஒரு கவிஞரின் நினைவு நாளையே நாட்டின் நாளாகக் கொண்ட அம்மக்கள், ஆண்டுக்கு 13 நாட்களைத் தேசிய விடுமுறையாகப் போற்றி வருகிறார்கள். அத்துடன் அந்நாட்டின் 308 நகராட்சிகளும் தத்தம் ஊருக்கென ஒரு திருநாளைக் கொண்டாடும் உரிமை பெற்றவை.

இந்நாட்களை அறிவித்தவை அரசுகள். முடியாட்சி, குடியரசு, சர்வாதிகாரம், மக்களாட்சி என ஆட்சிகள் மாறின. ஒவ்வோர் ஆட்சியும் சில நாட்களைச் சேர்த்தது, சிலவற்றை நீக்கியது, சிலவற்றுக்குப் பெயர் மாற்றியது. அவற்றுக்கு உயிர் கொடுத்துக் காத்தவர்கள் பாட்டிமாரும் தாய்மாரும், கடல் கடந்து உழைத்த தந்தையரும், ஞானப்பிள்ளைகளை மறவாத ஞானப்பெற்றோரும்தாம். அந்த நீண்ட பணியை வரிசைப்படுத்திப் பதிவு செய்வது இவ்விழா மலருக்கு உரிய கடமை.

வேர்கள்

போர்ச்சுகல் திருநாட்களின் ஆணிவேர் கத்தோலிக்க நாட்காட்டி. லிஸ்பன் நகரில் பிறந்த புனித அந்தோணியார் 1231 ஜூன் 13 அன்று இத்தாலியின் பதுவை நகரருகே இறந்தார். ஓராண்டு நிறையும் முன்னரே, 1232-இல், புனிதர் பட்டம் பெற்றார். உலகம் அவரைப் பதுவைப் புனிதர் என்று அழைத்தாலும், லிஸ்பன் மக்களுக்கு அவர் தங்கள் தெருவில் பிறந்த பிள்ளை. மணமாகாதோருக்கு வரன் பார்த்துத் தருபவர் என்று அவரை நம்பிய தாய்மார் அவருடைய நாளைக் குடும்ப விழாவாக்கினர்.

தூய ஆவி திருவிழாவை வளர்த்த பெருமையை மரபு புனித இசபெல் அரசிக்கு அளிக்கிறது. மன்னர் தினிசின் துணைவியான இவ்வரசி அலென்கேர் ஊரில் தொடங்கிவைத்ததாகச் சொல்லப்படும் இவ்விழா அசோர்ஸ் தீவுகளில் ஆழ வேரூன்றியது. எரிமலையும் நிலநடுக்கமும் அச்சுறுத்திய அத்தீவுகளில், குடும்பங்கள் நேர்த்திக்கடனாக ரொட்டியும் இறைச்சியும் சமைத்து எல்லாருக்கும் வழங்கின. ஏழை வீட்டுக் குழந்தையின் தலையிலும் அன்று வெள்ளி மகுடம் ஏறும். பந்தியில் உயர்வு தாழ்வு இல்லை. அந்தப் பந்தி இன்றும் நடைபெறுகிறது.

அறுபது ஆண்டு ஸ்பானிய முடியின்கீழ் இருந்த நாடு, 1640 டிசம்பர் 1 அன்று விடுதலை பெற்றது. நாற்பதின்மர் என்று வரலாறு போற்றும் பெருமக்கள் லிஸ்பன் அரண்மனையுள் புகுந்து ஆட்சியைக் கைப்பற்றினர். பிரகன்சா கோமகன் நான்காம் ஜோவாவ் ஆக முடிசூடினார். 1646-இல் அம்மன்னர் அமலோற்பவ அன்னையை நாட்டின் பாதுகாவலியாக அறிவித்து மணிமுடியை அன்னைக்குக் காணிக்கையாக்கினார். அதன்பின் வந்த போர்ச்சுகல் மன்னர்கள் மணிமுடியைத் தலையில் சூடவில்லை. டிசம்பர் 1, டிசம்பர் 8 ஆகிய இரு திருநாட்களின் தோற்றம் இதுவே.

1755 நவம்பர் 1 காலையில் பெருஞ்சோதனை வந்தது. அனைத்துப் புனிதர் பெருவிழாத் திருப்பலிக்கு மக்கள் கூடியிருந்த நேரத்தில் நிலம் அதிர்ந்தது. பின்பு கடல் பொங்கியது, நகரம் பல நாட்கள் எரிந்தது. பெருநாளிலேயே உறவுகளை இழந்த லிஸ்பன் மக்கள் அந்த நாளைக் கைவிடவில்லை. நவம்பர் முதல் நாளில் சிறுவர் சிறுமியர் துணிப்பையோடு வீடு வீடாகச் சென்று இறைவன் பெயரால் அப்பம் கேட்கும் வழக்கம், ஊரே பசித்திருந்த அந்நாட்களுக்குப்பின் மேலும் வலுப்பெற்றதாகச் சொல்வர். இடிந்த அந்தோணியார் ஆலயத்தைக் கட்டுவதற்காகக் குழந்தைகள் தெருவோரத்தில் சிறு பீடம் அமைத்துக் காசு திரட்டினர் என்பதும் மரபு. லிஸ்பன் பேட்டைகளில் அப்பீடங்களை இன்றும் காணலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு: பொதுவிழாக்களின் தொடக்கம்

அரண்மனையும் ஆலயமும் நடத்திய விழாக்களைக் குடிமக்கள் தாமே எடுத்து நடத்தத் தொடங்கியது 19-ஆம் நூற்றாண்டில். 1861-இல் லிஸ்பன் குடிமக்கள் சிலர் கூடி, டிசம்பர் முதல் நாளைக் கொண்டாடுவதற்கென ஒரு மையக் குழுவை நிறுவினர். போர்ச்சுகல் சுதந்திர வரலாற்றுச் சங்கமாக அது இன்றும் இயங்குகிறது. அக்குழுவின் முயற்சியில், பொதுமக்கள் நன்கொடையால், விடுதலை வீரர்களுக்கான நினைவுத்தூண் லிஸ்பனில் எழுப்பப்பட்டு 1886 ஏப்ரலில் திறக்கப்பட்டது.

1880-இல் கமோயிஸ் மறைந்து முந்நூறு ஆண்டுகள் நிறைந்தன. அறிஞர் தியோஃபிலோ பிராகா, எழுத்தாளர் ரமால்யோ ஒர்த்திகாவ் முதலியோர் ஜூன் 10 அன்று பெருவிழா எடுத்தனர். அரசவை ஏற்பாடு செய்யாத, எழுத்தாளரும் இதழாளரும் முன்னின்று நடத்திய அப்பவனியைக் காணக் குடும்பம் குடும்பமாக மக்கள் தெருவில் திரண்டனர். தேசியத் திருநாளின் முதல் விதை அன்று விழுந்தது.

இதே நூற்றாண்டில்தான் கிறிஸ்துமஸ் மேசைக்கு ஒரு புதிய பண்டம் வந்து சேர்ந்தது. 1829-இல் தொடங்கப்பட்ட 'கொன்ஃபெய்த்தாரியா நசியோனல்' என்னும் லிஸ்பன் இனிப்பகம், அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சிலிருந்து 'பாலு ரெய்' என்னும் அரசர் கேக்கின் செய்முறையைக் கொண்டுவந்தது. உலர்பழங்களும் கொட்டைகளும் பதித்து, வளையமாகச் சுட்டெடுக்கும் அந்தக் கேக்கினுள் ஓர் அவரை விதை ஒளிந்திருக்கும். எவர் துண்டில் விதை வருகிறதோ அவர் அடுத்த ஆண்டுக்கான கேக்கை வாங்கித் தரவேண்டும். இந்த ஆண்டு கூடிய உறவு மறு ஆண்டும் கூடும் என்பதற்கு அந்த விதையே பிணை.

1910–1919: குடியரசும் குடும்ப நாளும்

1910 அக்டோபர் 5 காலையில் லிஸ்பன் நகராட்சி மாளிகையின் மாடத்திலிருந்து ஜோசே ரெல்வாஸ் குடியரசை அறிவித்தார். முப்பது ஆண்டுகளுக்குமுன் கமோயிஸ் விழாவை எடுத்த தியோஃபிலோ பிராகாவே இடைக்கால அரசின் தலைவரானார். ஒரு வாரத்துக்குள், அக்டோபர் 12 அன்று, விடுமுறை நாட்களுக்கான ஆணை பிறந்தது. போர்ச்சுகலின் இன்றைய விடுமுறைப் பட்டியலுக்கு மூலப்பத்திரம் அதுவே.

அந்த ஆணை ஐந்து நாட்களைத் தேசிய விடுமுறையாக்கியது. ஜனவரி 1 உலக சகோதரத்துவ நாள். ஜனவரி 31 குடியரசின் முன்னோடிகளுக்கும் தியாகிகளுக்கும் உரிய நாள். 1891-இல் அதே நாளில் போர்ட்டோ நகரில் எழுந்த முதல் குடியரசுக் கிளர்ச்சியை நினைவுகூர்வது. அக்டோபர் 5 குடியரசின் வீரர்களுக்கும், டிசம்பர் 1 தாய்நாட்டின் தன்னுரிமைக்கும் உரியவை. டிசம்பர் 25 குடும்ப நாள். அரசையும் திருச்சபையையும் பிரிக்க முனைந்த அப்புதிய அரசு, ஆண்டின் மிகப் பெரிய சமய விழாவைக் குடும்பத்தின் பெயரால் காத்தது.

பெயர் சூட்டியதோடு அது நிற்கவில்லை. முதல் குடும்ப நாளான 1910 டிசம்பர் 25 தேதியிட்டே நாட்டின் குடும்பச் சட்டங்கள் வெளிவந்தன. நீதித்துறை அமைச்சர் அஃபோன்சு கோஸ்தாவின் கையொப்பத்துடன், திருமணம் சமமான இருவரின் குடிமை ஒப்பந்தமாயிற்று. பிள்ளைகளின் பாதுகாப்புக்கெனத் தனிச் சட்டமும் அதே நாளில் பிறந்தது.

அந்த ஆண்டுகளில் ஒரு பெண்ணின் துணிவும் பதிவாகவேண்டியது. மருத்துவர் கரோலினா பியாட்ரிஸ் ஆஞ்சலோ கணவரை இழந்தவர், மகளை வளர்த்துவந்தவர். எழுத்தறிந்தோருக்கும் குடும்பத் தலைவர்க்கும் வாக்குரிமை உண்டு என்றது சட்டம். தாமும் ஒரு குடும்பத் தலைவரே என்று நீதிமன்றத்தில் வாதாடி வென்று, 1911 மே 28 அன்று அவர் வாக்களித்தார். போர்ச்சுகலில் வாக்களித்த முதல் பெண் அவரே. அதே ஆண்டு அக்டோபரில் அவர் மறைந்தார். அவர் திறந்த வழியை 1913-இன் சட்டம் ஆண்களுக்கு மட்டும் என்று அடைத்தபோதிலும், பின்வந்த தலைமுறைகள் அதை மீண்டும் திறந்தன.

1910-இன் ஆணையில் மற்றொரு நற்செயலும் இருந்தது. ஒவ்வொரு நகராட்சியும் தன் மரபுக்கு ஏற்ப ஆண்டில் ஒரு நாளை விடுமுறையாகத் தேர்ந்துகொள்ளலாம் என்று அது அனுமதித்தது. லிஸ்பன் கமோயிஸின் ஜூன் 10-ஐத் தேர்ந்தது. போர்ட்டோவில் 'ஜோர்னல் டி நோத்தீசியாஸ்' நாளிதழ் 1911-இல் மக்களிடமே வாக்கெடுப்பு நடத்தியது. திருமுழுக்கு யோவானின் ஜூன் 24 பெரும்பான்மையில் வென்றது. ஆற்றங்கரையில் விடிய விடிய வாணவேடிக்கை, தலையில் தட்டிச் செல்ல நீண்ட பூண்டுத் தண்டு, பாட்டி முதல் பேரன் வரை ஒருவரும் வீட்டில் தங்காத இரவு என்று அந்த நாள் இன்றும் போர்ட்டோவின் நாள்.

1912-இல் பிரேசில் கரை கண்ட நினைவாக மே 3 விடுமுறையில் சேர்ந்தது. அதே பத்தாண்டில் முதல் உலகப் போர் மூண்டது. 1917-இல் பிரான்ஸ் போர்முனைக்குச் சென்ற படையினரின் வீடுகளில் அந்த ஆண்டுக் குடும்ப நாள் வெறிச்சோடியது. 1918 ஏப்ரல் 9 அன்று லீஸ் ஆற்றங்கரைப் போரில் பலர் மாண்டனர், பல்லாயிரவர் சிறைப்பட்டனர். அவர்களுடைய குடும்பங்கள் செலுத்திய விலை பெரிது.

கடல் கடந்தவர்களும் ஊர்விழாவை மறக்கவில்லை. மதீரா தீவிலிருந்து அமெரிக்காவின் நியூ பெட்ஃபோர்டு துறைமுகத்துக்குக் குடியேறிய நால்வர் 1915-இல் தொடங்கிய நற்கருணைத் திருவிழா நூற்றாண்டைக் கடந்து நடந்துவருகிறது.

1920–1939: பேட்டை ஊர்வலங்களும் காட் மீன் கப்பல்களும்

1920-களில் ஜூன் 10 லிஸ்பன் நகரின் விழா என்ற நிலையிலிருந்து உயர்ந்து நாடு முழுமைக்கும் உரியதாயிற்று. பின்னர் லிஸ்பன் தன் நகர விடுமுறையாக அந்தோணியாரின் ஜூன் 13-ஐ ஏற்றுக்கொண்டது.

1932-இல் 'பார்க்கே மாயர்' கேளிக்கைத் திடலில் ஒரு புதுமை அரங்கேறியது. திரைப்பட இயக்குநர் ஜோசே லெய்த்தாவ் டி பாரோஸ், லிஸ்பன் பேட்டைகளைத் தனித்தனி அணிகளாக்கிப் பாட்டும் ஆட்டமும் காகித விளக்கு வளைவுகளுமாக ஊர்வலம் வரச்செய்தார். அந்தோணியார் திருநாள் இரவின் பேட்டை அணிவகுப்புகள் இவ்வாறு தோன்றின. தாய் ஆடிய அணியில் மகள் ஆடுவதும், பாட்டி தைத்த பாவாடையைப் பேத்தி உடுத்துவதும் இன்று பேட்டைகளின் பெருமை. அன்றிரவு சந்துகளில் மத்தி மீன் சுடுவார்கள். காகிதப் பூவும் நான்கடிப் பாட்டும் செருகிய துளசியினத் தொட்டிச்செடியை இளைஞர்கள் தாம் விரும்பும் பெண்ணுக்குக் கொடுப்பார்கள்.

இக்காலத்தின் தியாகங்களில் தலையாயது காட் மீனவர்களுடையது. கிறிஸ்துமஸ் முன்னிரவில் போர்ச்சுகல் குடும்பங்கள் உண்ணும் விருந்தின் நடுநாயகம் உப்பிட்டு உலர்த்திய காட் மீன். உருளைக்கிழங்கு, முட்டைக்கோசுக் கீரை, அவித்த முட்டை ஆகியவற்றுடன் வேகவைத்து, ஆலிவ் எண்ணெய் தாராளமாக ஊற்றிப் பரிமாறுவார்கள். வடக்கில் சில பகுதிகளில் அன்று கணவாயினத்துச் சாக்குக்கணவாயும் உண்டு. காட் மீன் போர்ச்சுகல் கடலில் கிடைப்பதில்லை. நியூஃபவுண்ட்லாந்துக்கும் கிரீன்லாந்துக்கும் அருகேயுள்ள குளிர்கடலில்தான் அதைப் பிடிக்கவேண்டும்.

வசந்தத்தில் கப்பல்கள் புறப்படும். ஒவ்வொரு மீனவரும் ஆளுக்கொரு சிறு தோணியில் தனியே இறங்கி, மூடுபனியில், தூண்டில் கயிற்றோடு நாள் முழுதும் உழைப்பார். மாலையில் கப்பலுக்குத் திரும்பியதும் மீனை அரிந்து உப்பிடும் வேலை. இலையுதிர் காலத்தில்தான் வீடு திரும்புவர். திரும்பாதவரும் உண்டு. இல்யாவு, வியானா டு காஸ்தெலு முதலிய ஊர்களின் பெண்கள் அந்த ஆறு மாதமும் வயலையும் பிள்ளைகளையும் தனியே காத்தனர். அம்மீனவர்களின் நினைவைப் போற்றும் இல்யாவு கடல்சார் அருங்காட்சியகம் 1937-இல் நிறுவப்பட்டது. தோணியில் தூண்டிலிடும் முறை 1974-இல் முடிவுற்றது. நாட்டின் திருநாள் உணவை அதுவரை தோளில் சுமந்தவர்கள் அவர்களே.

1940–1959: திருச்சபை நாட்களின் மீள்வரவு

1940 மே மாதம் வாத்திக்கானுடன் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அதன்பின் சமயத் திருநாட்கள் படிப்படியாக அரசு விடுமுறைப் பட்டியலுக்குத் திரும்பின. 1952 வாக்கில் ஜனவரி 31-உம் மே 3-உம் பட்டியலிலிருந்து விடைபெற்றன. கிறிஸ்துவின் திருவுடல் பெருவிழா, ஆகஸ்ட் 15 மாதாவின் விண்ணேற்புப் பெருவிழா, நவம்பர் 1, டிசம்பர் 8 ஆகியவை இடம்பெற்றன. அமலோற்பவ மாதாவின் டிசம்பர் 8 பல ஆண்டுகள் அன்னையர் நாளாகவும் கொண்டாடப்பட்டது. பிற்காலத்தில் அன்னையர் நாள் மே மாத ஞாயிறுக்கு மாறிய போதிலும், முதிய தாய்மார் பலர் டிசம்பரிலேயே பிள்ளைகளை எதிர்பார்த்தனர். தந்தையர் நாளோ சூசையப்பரின் மார்ச் 19-இலேயே நிலைபெற்றுவிட்டது.

1944 ஜூன் 10 அன்று லிஸ்பன் அருகே ஜமோரில் தேசிய விளையாட்டரங்கம் திறக்கப்பட்டது. சர்வாதிகாரி சலாசாரின் அரசு அந்த நாளை இனத்தின் நாள் என்றும் அழைத்தது. அந்தப் பெயர் பின்னாளில் நீங்கியது. கவிஞரின் பெயர் நிலைத்தது.

கிராமங்களில் ஈஸ்டர் பண்டிகை தன் முழுப்பொலிவோடு நடந்தது. குருத்து ஞாயிறன்று ஞானப்பிள்ளை தன் ஞானத்தாய்க்குப் பூங்கொத்து எடுத்துச் செல்லும். ஈஸ்டரன்று ஞானப்பெற்றோர் முழுமுட்டை பதித்துச் சுட்ட 'ஃபொலார்' ரொட்டியைத் திருப்பித் தருவர். மீஞோ பகுதியில் பங்குக்குருவும் ஊராரும் அலங்கரித்த சிலுவையை மணியொலியோடு வீடு வீடாகக் கொண்டுவருவர். வாசலில் பூவிரித்து, குடும்பமே வரிசையாக நின்று சிலுவையை முத்தமிட்டு, வந்தவர்களை உணவு மேசைக்கு அழைக்கும். உறவில் மனத்தாங்கல் இருந்தாலும் அன்று அது மறக்கப்படும்.

1958-இல் 'தியாரியு போப்புலார்' நாளிதழின் ஆதரவில் அந்தோணியார் திருநாளில் முதன்முறையாகக் கூட்டுத் திருமணம் நடந்தது. வசதியற்ற 26 இணையர் அன்று மணமுடித்தனர். ஆடையும் விருந்தும் வீட்டுச் சாமான்களும் நன்கொடையாக வந்தன. வரன் தரும் புனிதரின் பெயரால் ஒரு நகரமே ஏழைப் பெண்களுக்குத் தாய்வீடாகியது.

1960–1973: பிரிவின் ஆண்டுகள்

1960-கள் போர்ச்சுகல் குடும்பங்களின் கடுமையான சோதனைக் காலம். வறுமையும் போரும் இலட்சக்கணக்கானோரை நாட்டைவிட்டு வெளியேற்றின. பலர் அனுமதிச் சீட்டின்றி, இரவோடு இரவாகப் பிரனீஸ் மலையைக் கடந்து பிரான்சுக்குச் சென்றனர். பாரிஸ் அருகே ஷாம்பினியின் சேற்றில் தகரக் குடிசைகளில் வாழ்ந்து, கட்டடங்களிலும் வீடுகளிலும் உழைத்து, ஈட்டியதை ஊருக்கு அனுப்பினர்.

அப்பிரிவு நாட்காட்டியையே மாற்றியது. தொழிற்சாலைகள் மூடும் ஆகஸ்டில்தான் அவர்களுக்கு விடுமுறை. ஆகவே பல கிராமங்கள் தங்கள் பாதுகாவலரின் திருவிழாவை ஆகஸ்டுக்கு நகர்த்தின. திருமணங்களும் திருமுழுக்குகளும் அவர்களுக்காகக் காத்திருந்தன. ஆகஸ்ட் 15-இன் மாதா பவனி, ஆண்டுக்கொருமுறை குடும்பம் முழுதாகக் கூடும் நாளாயிற்று. பிள்ளைகளுக்காக விழாவின் தேதியையே நகர்த்திய அந்தக் கிராமங்களின் அன்பு போற்றுதற்குரியது.

1961 முதல் 1974 வரை ஆப்பிரிக்காவில் நீடித்த போருக்கு இளைஞர்கள் அனுப்பப்பட்டனர். கிறிஸ்துமஸ் காலத்தில் தொலைக்காட்சி அவர்களின் வாழ்த்துச் செய்திகளை ஒளிபரப்பியது. மகனின் முகம் தோன்றும் அந்தச் சில விநாடிகளுக்காகத் தாய்மார் மணிக்கணக்கில் காத்திருந்தனர். ஊரில் ஒரே பெட்டி இருந்த இடங்களில் அந்த வீட்டின் கூடத்தில் ஊரே கூடியது.

1974–1979: விடுதலையின் திருநாட்கள்

1974 ஏப்ரல் 25 விடியலில் இளம் படை அதிகாரிகள் சர்வாதிகாரத்தை முடித்துவைத்தனர். உணவகப் பணியாளர் செலஸ்தி காயேரு தம் கையிலிருந்த கார்னேஷன் மலர்களைப் படைவீரர்களுக்கு அளித்தார். அந்தச் சிவந்த மலர் புரட்சிக்கே பெயராயிற்று. 26-ஆம் தேதி இரவு கஷியாஸ் சிறைவாயிலில் கூடி நின்ற தாய்மாரிடமும் மனைவியரிடமும் அரசியல் கைதிகள் ஒவ்வொருவராகத் திரும்பினர். ஆண்டுக்கணக்கில் கம்பிக்கு இப்பால் நின்று கண்டவர்களை அன்று கட்டித் தழுவிக்கொண்டனர்.

ஏப்ரல் 27 அன்றே மே தினம் விடுமுறையாக அறிவிக்கப்பட்டது. நான்கு நாட்களில் மலர்ந்த அந்த மே 1-இல் லிஸ்பன் தெருக்கள் நிரம்பி வழிந்தன. குழந்தைகள் தந்தையரின் தோள்மீது அமர்ந்து அந்த நாளைக் கண்டனர். மறு ஆண்டு ஏப்ரல் 25 தேசிய விடுமுறையாயிற்று. அதே நாளில் நடந்த முதல் சுதந்திரத் தேர்தலில் வாக்காளர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கும் மேல் வாக்களித்தனர். 1969 வரை கணவன் இசைவின்றி எல்லை கடக்க இயலாதிருந்த மனைவியர், 1976-இன் அரசியலமைப்பில் கணவனுக்கு நிகரான உரிமை பெற்றனர். கரோலினா ஆஞ்சலோ தொடங்கிய பயணம் அன்று நிறைவுற்றது.

1976-இன் சட்டம் புனித வெள்ளியையும் சேர்த்து விடுமுறைப் பட்டியலைச் செம்மைப்படுத்தியது. 1977 ஜூன் 10 அன்று குவார்தா நகரில் நடந்த விழாவில், நெடுங்காலம் நாடு கடந்து வாழ்ந்த கவிஞர் ஜோர்ஜி டி சேனா உரையாற்றினார். அடுத்த ஆண்டே அந்நாள் போர்ச்சுகலுக்கும் கமோயிஸுக்கும் உலகெங்கும் வாழும் போர்ச்சுகல் சமூகங்களுக்கும் உரிய நாள் என்று பெயர் பெற்றது. பிரிந்து சென்ற பிள்ளைகளுக்கும் நாட்டின் திருநாளில் இடம் கிடைத்தது.

அச்சமூகங்களை எண்ணும்போது நம் கண்முன் நிற்பவர்கள் இலங்கையின் மட்டக்களப்பு, திருகோணமலைப் போர்த்துக்கேயப் பறங்கியர். 17-ஆம் நூற்றாண்டிலேயே போர்த்துக்கேய ஆட்சி அங்கு முடிந்துவிட்டது. தமிழ் பேசும் ஊர்களின் நடுவே, தச்சும் இரும்பு வேலையும் தையலும் செய்து வாழ்ந்த அக்குடும்பங்கள், தங்கள் போர்த்துக்கேயக் கிரியோல் மொழியையும் கப்ரிஞ்ஞா ஆட்டத்தையும் திருமண வீடுகளிலேயே காத்தன. 2004-இன் ஆழிப்பேரலை மட்டக்களப்பில் அவர்களுடைய குடியிருப்பை அழித்த பின்னும், வயலின் இசையும் ஆட்டமும் அவர்களின் கலியாண வீடுகளை விட்டுப் போகவில்லை.

1980–2009: வட்டார விழாக்களின் வளர்ச்சி

தன்னாட்சி பெற்ற அசோர்ஸ் தீவுகள் 1980-இல் தூய ஆவி திருவிழாத் திங்களையே தங்கள் வட்டாரத்தின் நாளாக்கின. குடும்பங்கள் நேர்த்திக்கடனாகக் காத்த பந்தி, அரசின் திருநாளாயிற்று. மதீராவில் கிறிஸ்துமஸுக்கு முன் ஒன்பது நாட்கள் விடியுமுன்னே திருப்பலி நடக்கும். அது முடிந்ததும் ஆலய முற்றத்தில் பாட்டும் சிற்றுண்டியும் உண்டு. அத்தீவில் உறவினர் வீடுகளுக்குச் சென்றுவரும் டிசம்பர் 26-உம் விடுமுறை நாள்.

1974-இல் நின்றுபோன அந்தோணியார் கூட்டுத் திருமணம் 1997-இல் லிஸ்பன் நகராட்சியின் ஆதரவில் மீண்டும் தொடங்கியது. இம்முறை தலைமை ஆலயத்தில் மணப்போருக்கும் நகராட்சி மாளிகையில் பதிவு மணம் செய்வோருக்கும் ஒருங்கே இடம் தரப்பட்டது. 1996-இல் கிறிஸ்துமஸ் உதவித்தொகை எல்லாத் தொழிலாளருக்கும் உரிய சட்ட உரிமையாயிற்று. திருநாள் மேசையை நிரப்புவது குடும்பத்தின் கவலை மட்டுமன்று, சமுதாயத்தின் பொறுப்பும் ஆகும் என்பதை அந்தச் சட்டம் ஏற்றுக்கொண்டது.

2010–2019: இழந்ததும் மீட்டதும்

நிதி நெருக்கடி நாட்டை வாட்டிய 2012-இல், உழைப்பு நாட்களைக் கூட்டுவதற்காக நான்கு விடுமுறைகள் நிறுத்தப்பட்டன. கிறிஸ்துவின் திருவுடல் பெருவிழா, அனைத்துப் புனிதர் பெருவிழா என்னும் இரு சமய நாட்களும், அக்டோபர் 5, டிசம்பர் 1 என்னும் இரு தேசிய நாட்களும் 2013 முதல் பட்டியலிலிருந்து நீங்கின.

மக்கள் சோர்ந்துவிடவில்லை. ஜோசே ரிபெய்ரோ இ காஸ்த்ரோ தலைமையில் டிசம்பர் முதல் நாளை மீட்கும் இயக்கம் எழுந்தது. நாடெங்குமுள்ள ஊர் இசைக்குழுக்கள் லிஸ்பனின் சுதந்திரப் பெருஞ்சாலை வழியே 1886-இன் நினைவுத்தூணை நோக்கி அணிவகுத்தன. தந்தை எக்காளம் ஊத, மகள் புல்லாங்குழல் வாசிக்கும் குழுக்கள் அவை. 2013-இல் நவம்பர் 1 ஒரு வெள்ளிக்கிழமை. வேலை நாளாகிவிட்ட அன்றும் கல்லறைத் தோட்டங்களுக்குச் சாமந்தியோடு மக்கள் வந்தனர். வேலைக்குமுன் வந்தவர்களும், வேலை முடித்து வந்தவர்களும், ஞாயிறுவரை காத்திருந்து வந்தவர்களும் தம் முன்னோரை மறக்கவில்லை.

2016 ஏப்ரல் 1 தேதியிட்ட சட்டம் நான்கு நாட்களையும் திருப்பித் தந்தது. அதே ஆண்டு குடியரசுத் தலைவர் மார்செலோ ரெபெலோ டி சோசா ஜூன் 10 விழாவை லிஸ்பனில் தொடங்கிப் பாரிஸில் நிறைவுசெய்தார். ஒரு காலத்தில் மலைவழியே தப்பிச் சென்றவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வாழும் நகருக்குத் தாய்நாடே தேடிச் சென்றது. அடுத்த ஆண்டுகளில் பிரேசில், அமெரிக்கா, கேப் வெர்டே என அவ்விழா தொடர்ந்தது.

இன்றும் இனியும்

2020-இன் பெருந்தொற்றுக் காலத்தில் ஈஸ்டர் சிலுவை வீடுகளுக்கு வர இயலவில்லை, பேட்டை ஊர்வலங்கள் நின்றன. ஏப்ரல் 25 அன்று பிற்பகலில் மக்கள் சன்னல்களில் நின்று புரட்சியின் பாடலை ஒருங்கே பாடினர். 2022 ஜூனில் பேட்டைகள் மீண்டும் தெருவில் இறங்கின. 2024-இல் ஏப்ரல் புரட்சியின் பொன்விழாவில் சுதந்திரப் பெருஞ்சாலை மூன்று தலைமுறைகளால் நிறைந்தது.

1910-இல் ஐந்தாக இருந்த நாட்கள் இன்று 13. இவற்றில் எதுவும் எளிதில் வந்ததன்று. டிசம்பர் 1-க்கு நாற்பதின்மரின் துணிவும், ஏப்ரல் 25-க்குச் சிறைவாயிலில் காத்த தாய்மாரின் பொறுமையும், ஆகஸ்ட் 15-க்கு நாடு கடந்தோரின் உழைப்பும், கிறிஸ்துமஸ் இரவுக்குக் காட் மீனவரின் உயிரும் விலையாகத் தரப்பட்டுள்ளன. அரசுகள் பட்டியலை எத்தனை முறை திருத்தியபோதும், பெரியோர் பிள்ளைகளைக் கையைப் பிடித்து அழைத்துச் சென்ற நாட்களே நிலைத்தன. 2013-இல் நீக்கப்பட்ட நான்கும் அவர்களின் விடாப்பிடியால் திரும்பி வந்தன. இந்த மரபைப் பெற்றவர்கள் அதை அடுத்த தலைமுறைக்குக் குறைவின்றி ஒப்படைப்பார்கள் என்பது உறுதி.